நிஷானின் கறுப்புக் கசெற்

என் தம்பி நிஷான் போன மாசி மாதம், சிட்னியில் பென்டில் ஹில் ஸ்ரேசனில் வேலைக்கு ரயில் பார்த்து நின்றபடியே மாரடைத்து இறந்தான். நாற்பத்தேழு வயது. அடக்கப் பூசைக்கு எங்கள் சனம் முன்னுக்கு இருக்க, கோயிலின் பின் வாங்குகளில் கறுப்புச் சட்டையும் நீண்ட தலைமயிருமாகப் பதினைந்து இருபது பேர் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

"அஞ்சலா, இவங்கள் ஆர்?" என்று ஒரு அன்ரி என் காதுக்குள் கேட்டா.

"தம்பியின்ரை ஆக்கள்," என்றேன்.

அவன் எங்களோடு ஒரு வீட்டில் இருந்தும் வேறொரு வீட்டிலும் இருந்திருக்கிறான் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் மன்னார் பேசாலை ஆட்கள். தொண்ணூறில் இந்தியாவுக்குப் போகும்போது படகு கவிழ்ந்து அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. பன்னிரண்டு வயது நிஷான் ஒரு வெறும் எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை மிதந்தான். அதற்குப் பிறகு அவன் அழுததை நான் காணவில்லை. பேச்சும் குறைந்து போயிற்று. சிட்னிக்கு வந்து கிரவீனில் என்னோடு இருந்து, கோழி வெட்டுகிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான்.

அங்கே அவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் எர்னான் என்கிற சிலி நாட்டுக்காரர். அவருடைய அண்ணன் மத்தியாஸ் பத்தொன்பது வயதில் பஸ் விபத்தில் செத்தவன். சாகும் முன் துறைமுகப் பட்டணம் ஒன்றில் நாலு பெடியளாகச் சேர்ந்து ஒரு மெற்றல் பாட்டுக் கூட்டம் வைத்திருந்தார்களாம்; ட்ரம்ஸ் அடித்தது மத்தியாஸ். 'தும்பா டி சால்' என்று பெயர். உப்புக் கல்லறை என்று அர்த்தம். எண்பத்தேழில் ஒரேயொரு கசெற் பதிந்தார்கள். முப்பது பிரதிதான். மத்தியாஸ் போனதும் கூட்டமும் போயிற்று. எர்னானிடம் இருந்த இரண்டில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தார்.

தம்பி அதை வீட்டில் போட்ட முதல் நாள் நான் குசினியில் இருந்து ஓடி வந்தேன்.

"இந்தாளுக்கு என்ன வருத்தமடா? தொண்டை நோவோ?"

"இல்லையக்கா. கவலையிலை பாடுறார்."

"கவலையெண்டா இப்பிடியே கத்துறது?"

"வேறை எப்பிடிக் கத்துறது?" என்றான்.

கசெற்றின் அட்டையில் மண்டை ஓடு வேறு கீறியிருந்தது. நான் போய்ச் சுவாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அவன் பூசைக்கு வாறானோ?" என்று கேட்டார். "ஓம், ஒரு ஞாயிறும் விடான்" என்றேன். "அப்ப விடுங்கோ" என்றார். நான் விடவில்லை. அவன் கராஜில் பழைய ட்ரம்ஸ் வாங்கி வைத்து அந்தக் கசெற்றைக் கேட்டுக் கேட்டே அடிக்கப் பழகினான்; பிறகு சனி இரவுகளில் வேறு ஆட்களோடும் அடிக்கப் போகத் தொடங்கினான். அவன் அடிக்கத் தொடங்கினால் நான் செபமாலையை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விடுவேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பெரிய வெள்ளிக்கிழமை. ஊரில் அம்மாவுக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. "உன்ரை குரலிலை பசாம் கேக்கவேணும் பிள்ளை" என்று போனில் சொல்லியிருந்தா. ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லித் தவக்காலத்தில் அழுது பாடுவதைத்தான் பசாம் என்போம். அடுத்த நாள் காலை சிறி அங்கிள் கொழும்புக்குப் போகிறார். கடை எல்லாம் பூட்டு. பாடிப் பதிந்து அவரிடம் கொடுத்துவிட வீட்டில் வெறும் கசெற் இல்லை.

தம்பியின் தட்டில் அந்தக் கறுப்புக் கசெற் இருந்தது. மேலே பதிய முடியாதபடி அதன் காதுகளை உடைத்து விட்டிருந்தார்கள். அந்த ஓட்டைகளுக்குப் பிளாஸ்ரர் ஒட்டினால் பதியலாம் என்று எனக்குத் தெரியும்; ஊருக்குக் குரல் அனுப்பின எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லமாட்டேன். பிசாசின் சத்தம் போய் ஆண்டவரின் பாடு வரட்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். இரண்டு பக்கமும் நிறையப் பாடி, அன்று பின்னேரமே சிறி அங்கிளிடம் கொடுத்தேன்.

திங்கட்கிழமை தம்பி தேடினான். சொன்னேன். அவன் வாசற்படியில் போய் இருந்தான். அங்கே இருந்தபடியே கேட்டான்:

"அம்மா கேட்டா அழுவா, என்ன?"

"ஓம்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். எர்னானிடமும் அவன் சொல்லவில்லை. எர்னானுடைய மற்றக் கசெற் காருக்குள் வெயிலில் கிடந்து நெளிந்து போன பிறகு, அவர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். "தேடுறன், தேடுறன்" என்று சொல்லியே என் பிழையை இருபது வருசம் தன் தலையில் வைத்திருந்தான்.

அடக்கம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, மெல்பேர்னில் இருந்து வந்த கீர்த்தனன் என்ற பொடியன் என் கையைப் பிடித்தான். "அன்ரி, அங்கை மூண்டு பாண்டிலை நிஷான் அண்ணை மாதிரித்தான் அடிக்கிறம். அவரிட்டைச் சொன்னா, 'அது என்ரை கை இல்லையடா, சிலிக்காரன்ரை கை' எண்டுவார்."

கொஞ்சம் தள்ளி நின்ற எர்னான் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டாம் நாள் செபத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். தன் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, மத்தியாஸ் அடிப்பதை ஒரு தரம் கேட்டுவிட்டுச் சாகவேண்டும் என்கிறா, உலகத்தில் வேறு எங்கும் அந்தக் கசெற் கிடைக்கவில்லை என்றார். "சிஸ்டர், கராஜிலை தேடலாமா?"

எங்கள் அம்மா இறந்த பிறகு அவவின் செபமாலையோடு அந்தக் கசெற்றும் என்னிடம் திரும்பி வந்திருந்தது. மாதா சுரூபத்துக்குக் கீழே அலுமாரி லாச்சியில் வைத்திருந்தேன். எடுத்து மேசையில் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஏசுவார் என்று பார்த்தேன். கதிரையில் இருந்து, பிளாஸ்ரர் ஒட்டின இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"போடுங்கள்," என்றார்.

"என்ரை குரல் மட்டும்தான் இருக்கு."

"பரவாயில்லை."

தம்பியின் பழைய பாட்டுப் பெட்டியில் போட்டேன். நான் பாடத் தொடங்குகிறேன். இரண்டாவது அடி வரும்போது எங்கேயோ பின்னால் டொக் டொக் என்று மரத்தில் தட்டுகிற சத்தம். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரிய வெள்ளியில் கோயில் மணியே அடிக்காது, மரக்கட்டைதான் தட்டுவார்கள். நீயும் ட்ரம்ஸ் அடிக்காதே என்று காலையில் சொல்லியிருந்தேன். அவன் பக்கத்து அறையில் கதிரைக் கையில் தடியால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எர்னான் எழும்பி நின்றார். "கசெற்றின் முதல் பாட்டு," என்றார். "இப்படி முன்னுக்கு விழுந்து பிந்தி எழும்புகிற அடி மத்தியாஸுடையது மட்டும்தான்."

அதற்குள் நாடாவில் என் குரல் பாட்டை விட்டுக் கத்தியது: "டேய் நிஷான், நிப்பாட்டடா! ஆண்டவர் செத்த நாளிலை!"

சத்தம் நின்றது. திருப்பிப் பதிய அன்று நேரம் இருக்கவில்லை. பிறகு முடியும்வரை நான் மட்டும் பாடினேன்.

எர்னான் போனை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார். தன் அம்மாவுக்கு அனுப்பவேண்டுமாம். ஏழு தரம் கேட்டோம். ஏழு தரமும் நான் நிப்பாட்டச் சொன்னேன். ஏழு தரமும் தம்பி சொல்லுக் கேட்டு நிப்பாட்டினான்.