தண்ணீருக்கு ஒரு நற்சான்றிதழ்

போன சனிக்கிழமை காலை, பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போகக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றேன். எதற்கு? பக்கத்து வீட்டுச் சூசைப்பிள்ளை என் குழாய்க்கிணற்றில் நஞ்சு போட்டுவிட்டார் என்று முறைப்பாடு கொடுக்க!

பதறாதீர்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை நேரே கடலுக்கு இறங்குகிறது. பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கும் துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் சூசைப்பிள்ளைக்கும் எல்லையில் ஒரு பங்குக் கிணறு. யார் முதலில் அள்ளுவது என்று தினமும் வாய்த்தர்க்கம். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆட்களைப் பிடித்து, என் முற்றத்தில் ஆழமாகக் குழாய் இறக்கி, கைப்பம்பும் பூட்டிவிட்டேன்.

தண்ணீரா அது? கண்ணாடி! கவர்னர் வீட்டுக்கே அனுப்பலாம். சூசைப்பிள்ளை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஆழம் கூடினா நல்ல தண்ணி எண்டு ஆர் மாஸ்டர் சொன்னது?”

விடுவேனா? ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சினேகிதர் கனகசபையிடம் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். ‘சுத்தமான நீர்’ என்று எழுதி வந்தால், கண்ணாடி போட்டு மதிலிலேயே மாட்டுவதாக உத்தேசம்.

வந்த காகிதத்தில் இருந்தது – ஆர்செனிக். அதாவது பாஷாணம்!

குடத்துத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினேன். மூன்று பிள்ளைகளும் குடிக்கும் தண்ணீர் அல்லவா? போன மாதம்தான் சூசைப்பிள்ளை கொட்டாஞ்சேனையிலிருந்து எலிப்பாஷாணம் வாங்கி வந்திருந்தார். வேறு யாரை நினைப்பேன்? மூடிய குழாய்க்குள் எப்படிப் போட்டிருப்பார் என்று மனைவி கேட்டாள். அதைக் கண்டுபிடிப்பது பொலிசின் வேலை என்றேன்.

நல்லகாலம், வாசல் படலையில் கனகசபை வந்து மறித்தார்.

“பொறும் ஐசே. குழாய் இறக்கேக்க வந்த களி எங்க?”

வாழையடியில் அந்தக் களிமண் கறுப்பாகக் குவிந்து கிடந்தது. அதில் ஒரு பிடியும், பங்குக் கிணற்றில் ஒரு போத்தலும் எடுத்துப் போனார். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்.

“ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை. பாஷாணம் அந்தக் களியிலேயே இருக்கு. எந்தக் காலத்திலையோ கடல் கொண்டுவந்து படியவிட்ட சேறு. உம்மட குழாய் அதுக்குள்ளதான் நிக்குது. பங்குக் கிணறு மேல் மணலோட நிண்டிட்டுது, அந்தத் தண்ணி நல்லது.”

“பிள்ளையள்...?”

“அளவு கொஞ்சம், குடிச்சதும் கொஞ்ச நாள்தானே. பயப்பிடாதையும். இனி அந்தப் பம்பைத் தொடாமல் இரும்.”

அப்பாடா! ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போக வேண்டுமே... போனேன். அங்கே சூசைப்பிள்ளை அள்ளிக்கொண்டிருந்தார். ஒதுங்கி நின்று கயிற்றை நீட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளதைக் கொட்டிவிட்டேன்.

“சூசை அண்ணை, என்ர குழாய்த் தண்ணியில கொஞ்சம் பாஷாணம் இருந்துது. நீங்கள்தான் போட்டியள் எண்டு பொலிசுக்குப் போக வெளிக்கிட்டனான்.”

மனுஷன் என் வாளியை எட்டிப் பார்த்தார்.

“நான் போட்டிருந்தா, மாஸ்டர்... இவ்வளவு கொஞ்சமாவோ போட்டிருப்பன்?”

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது!