சந்தாபுராவில் நின்றுபோன தண்ணீர் லாரி

அந்தக் கோடையில் சந்தாபுராவைச் சுற்றியிருந்த போர்வெல்கள் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டிருந்தன. எங்களிடம் ஒரு பழைய தண்ணீர் டேங்கர் லாரி இருந்தது. ஓட்டுவது நான். குழாய் மாட்டுவது, வால்வு திறப்பது எல்லாம் என் மனைவி. கிளீனர் கிடைக்காத ஒருநாள் ஏறியவள், பிறகு இறங்கவே இல்லை.

அன்று காலை ஒரு தோட்டத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அபார்ட்மெண்ட் ஒன்றுக்குப் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

"டீசல் ஏறலியா?" என்றாள்.

ஃபில்டர் மேலிருந்த ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். அவள் கைப்பம்பை அடிக்க, நுரை நுரையாக வந்தது. டீசல் குழாயில் காற்றுதான் புகுந்திருக்கிறது, இது ஒன்றும் பெரிய கோளாறு இல்லை என்று நினைத்தேன். நுரை நின்று சுத்தமான டீசல் வழிந்தபோது இருவருமே சிரித்தோம். மறுபடி சாவியைத் திருப்பினேன். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது, அவ்வளவுதான். விடாமல் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் செல்ஃபின் சத்தம் இழுத்துக்கொண்டே போனது.

அபார்ட்மெண்ட் மேனேஜர் போனில் "டேங்கர் எல்லி? எல்லி?" என்று, எங்கே எங்கே எனக் கன்னடத்தில் கத்தினார். அடுத்த முறை கூப்பிட்டவர், வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

தெரிந்த மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தார். "போதும்ணா, அடிக்காதே. பேட்டரியும் பூடும்" என்றபடி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அதில் ஒட்டியிருந்தது ஆயில் நிறமாகவே இல்லை. பால் அதிகமாக ஊற்றிய காபி மாதிரி இருந்தது. அவர் அதைத் துணியில் துடைத்து, மறுபடி உருவி, என்னிடம் காட்டினார்.

"ஆயில்ல ரேடியேட்டர் தண்ணி கலந்துட்சிணா. ஹெட் போயிருக்கும், இல்ல பிளாக்கே வெடிச்சிருக்கும். எறக்கித்தான் பாக்கணும். இனிமே சாவியத் தொடாதே."

முன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஷெட்டுக்கு இழுக்க வண்டி அனுப்பறேன். ஆனா இவ்ளோ தண்ணியோட இழுக்க முடியாது, காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

"ரோட்டுலயா விடறது?" என்றாள் என் மனைவி. "அந்த வீட்டுங்கள்ல சொல்லிட்டு வரட்டா?"

"என்னமோ பண்ணு."

அவள் எதிர்ச் சந்துக்குள் போய்க் கதவு கதவாகத் தட்டினாள். சற்று நேரத்தில் குடம், பக்கெட், குக்கர் என்று கைக்குக் கிடைத்ததோடு பெண்கள் ஓடி வந்தார்கள். பல நாளாக அங்கே குழாயில் சொட்டுக்கூட வரவில்லையாம். அவள் குழாயைப் பிடித்து ஒவ்வொருவருக்கும் நிரப்பிக் கொடுத்தாள். சந்தெல்லாம் ஒரே சிரிப்பும் சத்தமும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு, யாராவது வந்து எல்லோரையும் விரட்டமாட்டார்களா என்றிருந்தது.

இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் என் முன்னால் நின்றாள். "நாளேனூ பர்தீரா அண்ணா?" நாளைக்கும் வருவீர்களா என்று கேட்கிறாள். என் மனைவிதான் திரும்பிப் பார்க்காமல், "பரல்லம்மா" என்றாள். வரமாட்டோம். அந்த நிமிஷம்வரை நாங்கள் இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஷெட்டில் எஞ்சினை இறக்கினார்கள். எஞ்சினின் உடம்பான பிளாக்கே விரிசல் விட்டிருந்தது. வேறு எஞ்சின் வைக்க எங்களால் ஆகவில்லை. மழைக்காலம் முழுக்க லாரி அங்கேயே கிடந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. போன அன்று நாங்கள் பார்க்கப் போகவில்லை.

இப்போது நான் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறேன். அவள் வீட்டு வேலைக்குப் போகிறாள். நான் வருவதற்குள் அலுத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். எழுப்பி என்ன பேசுவது என்று தெரியாமல் நானே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.