பெரிதைக் கண்டால் நின்றுவிடும் பசுபதி

துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வேலை பார்த்த பசுபதிக்குப் பெரிய பொருள் எதைக் கண்டாலும் கால் நகராது. தைப்பூசத்தன்று சிங்கப்பூரே தேரில் வரும் முருகனைக் கும்பிடும். இவர் தேர்ச்சக்கரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

"சாமியப் பாக்க வந்தீங்களா, சக்கரத்தப் பாக்க வந்தீங்களா?" என்று மனைவி யோகம் தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வியாதிக்கு ஆங்கிலத்தில் பெயரே உண்டு என்று சொன்னவர் பக்கத்து மேசை ஜேசுதாசன். வேதாகமத்துக்காகக் கிரேக்கம் படித்த மனிதர்.

"மெகாலோஃபைல். கிரேக்கத்துலேர்ந்து வந்தது. மெகாலோன்னா பெரிசு, நம்ம 'மகா'வுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். ஃபிலோஸ்னா பிரியம் உள்ளவன். ரெண்டையும் ஒட்டினா நீங்கதான் லா!"

பசுபதி அதைப் பட்டம் வாங்கியதுபோல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஜப்பானியர் வந்தார்கள். காவல் சிப்பாயைக் கடக்கும்போது நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும். மறந்தவர்கள் அறை வாங்கினார்கள். சிலர் வீடு திரும்பவே இல்லை. ஒருநாள் தஞ்சோங் பகார் துறைக்கு ஒரு ராட்சசக் கப்பல் வந்து நின்றது. அவ்வளவுதான். பசுபதி சிப்பாயை மறந்தார், வணக்கத்தை மறந்தார், அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். கன்னத்தில் அறை விழுந்தபிறகுதான் நினைவு வந்தது. உளவாளி என்று நினைத்த சிப்பாய் துப்பாக்கி முனையை அவர் நெஞ்சில் வைத்திருந்தான்.

வேலைக்கு உடன் வந்த அலுவலகத்தார் விலகிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, உயிர் யாருக்கும் வெல்லம்தான். ஜேசுதாசன் மட்டும் திரும்பி வந்து, தரையைத் தொடுமளவு குனிந்தார். அலுவலகத்தில் கட்டாயத்துக்குப் படித்த அரைகுறை ஜப்பானிய மொழிதான் அவருக்குத் தெரியும். மெகாலோஃபைல் என்றால் சிப்பாய்க்கு என்ன விளங்கும்? கிரேக்கன் ஒட்டியதைப் பிரித்தார். கப்பலைக் காட்டி, "ஓகீ" என்றார், பெரிசு. பசுபதியின் தோளைத் தொட்டு, "சுகி" என்றார், பிரியம்.

சிப்பாய் கப்பலைப் பார்த்தான். பசுபதியின் பிளந்த வாயைப் பார்த்தான். சிரித்துவிட்டான். அவன் நாட்டுக் கப்பல் அல்லவா! ஆனாலும் வணங்காத குற்றத்துக்கு மாலைவரை வெயிலில் நிற்கச் சொன்னான், குறுக்கே வந்தவரையும் சேர்த்து.

"என்னால உங்களுக்கும்..." என்று பசுபதி அவர் பக்கம் திரும்பினார்.

"பேசாம கப்பலைப் பாருங்க. அதுக்குத்தானே நின்னீங்க?"

ஜேசுதாசன் அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். நன்றியில் பசுபதிக்குக் கண் நிறைந்தது. மாலைவரை அவர் கப்பல் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, அந்தக் குள்ள மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார்.