மீன் தொட்டியில் மிளகு

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் இருக்கும் வண்ண மீன் கடையில் ஃபைட்டர் மீன்களை பிளாஸ்டிக் டம்ளர்களில் போட்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ரோஸ்மில்க் ஊற்றிக் கொடுக்கும் அதே டம்ளர். தண்ணீர் மூத்திர நிறத்தில் இருந்தது. நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அந்த நிறத்தில் எனக்குச் சந்தேகம் வராது. அடியில் தின்னாத தீனியும் கழிவும் சேறாகப் படிந்திருந்தன. அதற்குள் ஒரு நீல மீன், வால் நுனி கரைந்துபோய், சாய்ந்து கிடந்தது.

"இதுக்கு இம்புட்டுத் தண்ணி போதும்மா. மாத்தாட்டியும் கெடக்கும்" என்றார் கடைக்காரர். டம்ளருக்குள் விட்ட விரலைத் துடைக்காமல் வடையைப் பிய்த்தார்.

எனக்குக் குமட்டியது. இரக்கத்தைவிட அந்தக் குமட்டல்தான் மீனை வாங்க வைத்தது. இது அழுக்குத் தண்ணீரில் சாகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். இருபது லிட்டர் தொட்டி, மீன் எகிறிக் குதிக்காமல் இருக்க மூடி, தண்ணீரை அதிகம் கலக்காத ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஸ்பாஞ்சில் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் வளர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மீனை ஒரு வாளியில் வைத்து தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன். மீனைத் தொட்டிக்கு மாற்றியபோது, வால் புண் ஆறக் காய்ந்த பாதாம் இலை ஒன்றை மிதக்கவிட்டேன். இலையின் சாறு இறங்கித் தண்ணீர் வெளிறிய டீ நிறமானது.

"கழனித் தண்ணி மாதிரில இருக்கு" என்றாள் அம்மா. "அதுவும் நல்ல தண்ணிய ஊத்தி. நமக்கே அளந்து ஊத்துறேன். இந்தத் தொரைக்கு போர் தண்ணி ஆகாதாக்கும்?"

எங்கள் தெருவில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாயில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். டிரம்மில் பிடித்து வைப்போம். சொல்வதைச் சொல்லிவிட்டு, துரைக்கும் இரண்டு செம்பு அளந்து கொடுப்பாள் அம்மா.

இரண்டு மாதத்தில் வால் முழுசாக வளர்ந்தது. நான் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோனால் செவுளை விரித்துச் சண்டைக்கு வந்தது. எனக்கு அப்படியொரு பெருமை. லேபில் எல்லோருக்கும் போனில் படம் காட்டினேன்.

பிறகு அது சுணங்கத் தொடங்கியது. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றது. தோலில் சளிபோல ஒரு படலம். கண்ணாடி விளிம்பில் ஏதோ வெள்ளையாகப் பொரிந்திருந்தது. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாள் தேறும், மறுபடி சாயும். நான் நூறு பக்கம் படித்தேன். ஒன்றிலும் இந்த நோய் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தொட்டியைக் கிளறினேன். கற்களுக்கு நடுவே கறுப்பாக ஏழெட்டு உருண்டைகள், மேலே பஞ்சுபோலப் பூஞ்சை. எலிப்புழுக்கை! லேபில் தினமும் மலமும் சளியும் சீழும் பார்க்கிறவள்தான் நான். அங்கே டப்பாவில் பெயர் ஒட்டி, மூடி போட்டு வரும். இது என் வீட்டில், நான் முழங்கை வரை கையை விடும் தண்ணீரில் கிடக்கிறது. ஒன்றை எடுத்து நசுக்கினேன். ஊறிக் கொழகொழத்துப் பிதுங்கியது. முகர்ந்தேன். மிளகு.

கையைக் கழுவுமுன் அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் தங்கை, அடுத்த வீடு. வெங்காய மண்டியில் தரம் பிரிக்கப் போகிறவள். என்னைக் கண்டதும் மூடிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்னத்தா, இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"கையில என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லடி."

விரல்களைப் பிரித்தேன். கல் உப்பும் மிளகும், வியர்வையில் நனைந்து.

எங்கள் பக்கத்தில் மரு உதிர வேண்டுமென்றால் உப்பும் மிளகும் கோயில் குளத்தில் போடுவார்கள். உப்பு கரைவதுபோல மருவும் கரையும் என்று நம்பிக்கை. அத்தையின் கழுத்தில் கடுகு சிதறியதுபோல மருக்கள் உண்டு. வெங்காயத் தூசியும் வியர்வையும் பட்டு அரிக்கும்.

"கன்னிவாடிப் பக்கம் நம்ம கோயில் கொளம் வத்திப்போயி நாய் படுத்துக் கெடக்கு. இதுலயும் தண்ணி இருக்கு, மீனு இருக்கு. நாலு வெள்ளி போட்டாச்சு. இன்னும் ஒண்ணுதேன்."

"கழுத்துல தேச்சுட்டா போட்டீங்க?"

"பின்ன? தேச்சுட்டுத்தான போடணும்."

அந்தக் கழுத்து, அந்த வியர்வை, அந்த உப்பு. நான்கு வாரமாக அதற்குள்தான் கையை விட்டிருக்கிறேன்.

"கைநாட்டுக்குக் கைநாட்டுப் புத்திதான் வரும்" என்று கத்தினேன்.

அத்தை உப்பு கீழே சிந்தாமல் கையை மறுபடி மூடிக்கொண்டாள். "ஆமாடி, கைநாட்டுதேன். உன் மீனு கையெழுத்துப் போடுதாக்கும்?"

அவள் போன பிறகுதான் அடுப்படி வாசலில் அம்மா நிற்பது தெரிந்தது. இடுப்பில் குடம். என் காலேஜ் விண்ணப்பத்தில் கட்டைவிரலை உருட்டி வைத்துவிட்டு, மையைச் சேலையில் துடைத்துக்கொண்டவள் அவள். குடத்தை என் பக்கத்தில் இறக்கினாள்.

"நல்ல தண்ணி இம்புட்டுத்தேன் இருக்கு. நாளைக் கழிச்சுத்தேன் கொழா வரும். பாத்து ஊத்து."

என் முகத்தைப் பார்க்கவில்லை.

உப்புத் தண்ணீரை வெளியேற்ற டியூபை வாயில் வைத்து உறிஞ்சினேன். அவசரத்தில் ஒரு வாய் உள்ளே வந்துவிட்டது. கரிப்பு, மிளகுக் காரம், அழுகல். முற்றத்துக்கு ஓடித் துப்பினேன். வாந்தி வந்தது. வாயைக் கொப்பளிக்கவும் குடத்துத் தண்ணீரைத் தொடவில்லை.

உப்பு ஒரேயடியாக இறங்கினாலும் மீன் தாங்காது. கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் எடுத்து, ஒரு டம்ளர் ஊற்றினேன். பொழுது சாயும்வரை அதுதான் வேலை. அப்பா வந்து தண்ணீர் கேட்டபோது அம்மா போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாள். "என்ன இம்புட்டுக் கரிக்குது" என்றவர், தொட்டியையும் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மீதியைக் குடித்தார்.

மறுநாள் மத்தியானம் மீன் துடுப்பை விரித்தது. தீனி ஒன்றை எடுத்து, துப்பி, மறுபடி எடுத்தது.

"பொழச்சுக்கிரும்மா" என்றேன். பிறகு, "நேத்து நான் சொன்னது…" என்று தொடங்கினேன்.

"எனக்குச் சொல்ல வேணாம்" என்றாள் அம்மா. "அவகிட்டப் போயிச் சொல்லு."

அன்று சாயங்காலம் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. வரும்போது வேறு வார்த்தைதான் யோசித்து வந்தேன்.

"எங்க ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் இருக்காரு, அத்தை. திங்கக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன்."

"மீனு செத்துப்போச்சா?"

"இல்ல. பொழச்சுக்கிருச்சு."

"அப்ப எதுக்குடி வந்த?"

டாக்டர் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு வந்த சீட்டு என் கையில் இருந்தது. அதை அவளிடம் நீட்டப்போனேன். கைநாட்டென்று திட்டியவளிடமே எழுத்தை நீட்டுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சீட்டைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அத்தை அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.