மாமாவின் காருக்கு எண்ணெய்க் குளியல்

பசங்களா, போன வாரம் நம்ம வண்டியை உள்ளே துடைக்க ஏதாவது வாங்கலாம் என்று கடைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? சீட்டுக்கு ஒரு பாட்டில், டேஷ்போர்டுக்கு ஒரு பாட்டில், கண்ணாடிக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஒன்றையும் எடுக்காமல், ஒவ்வொரு பாட்டிலின் முதுகிலும் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள். நான் அப்படி நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் உத்திரமேரூரில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டோடுதான் இருந்தார். நெல் மூட்டை ஏற்றுகிற லாரியைப் பல வருஷம் ஓட்டியவர், ஒருநாள் திடீரென்று மூன்று கை மாறிய ஒரு வெள்ளை அம்பாசிடர் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வாடகைக்கு விடப் போகிறாராம். காலையில் பஸ் நிலையத்துப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார், சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வருவார். நடுவில் ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி வந்தால் பெரிய விஷயம். கல்யாண சவாரி மட்டும் வரவே வராது. கல்யாணக்காரர்கள் வருவார்கள், பானட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், கதவைத் திறப்பார்கள், உள்ளே தலையை விட்டு ஒரு மூச்சு இழுப்பார்கள். "அப்பால சொல்றோம்பா" என்று போய்விடுவார்கள். முன்னால் வைத்திருந்தவர் அந்தக் காரில் கோழி ஏற்றினாரா, வெங்காயம் ஏற்றினாரா, இரண்டையும் சேர்த்து ஏற்றினாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

கடைசியில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை எங்கள் ஊர், பெண்ணுக்குத் தென்னேரி. திங்கட்கிழமை காலையில் முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் பெண்ணைத் தென்னேரியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்து எங்கள் ஊர் மண்டபத்தில் இறக்க வேண்டும். பேசி வைத்திருந்த கார் எங்கேயோ மோதிவிட்டதால், மண்டபத்து மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"த பாரு, இந்த ஒரு சவாரிய நல்லபடியா முடிச்சிக் குடு. சீசன் பூரா உன் வண்டியதான் சொல்லுவேன். பொண்ணு மூக்க மூடிக்கினு எறங்கிச்சின்னு வையி, அதோட இந்தப் பக்கம் வராத."

மாமா அன்று சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. ஒரு வாரம் இருந்தது. காரின் உள்பக்கத்தை எதைப் போட்டுத் துடைப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்கப் பேச்சு. அப்பா மண்ணெண்ணெய் என்றார். அவருக்கு எல்லா அழுக்குக்கும் மண்ணெண்ணெய்தான். அம்மா சீயக்காய் என்றார். மாமா என்னையும் அழைத்துக்கொண்டு பஜாரில் வண்டிச் சாமான் விற்கிற பாய் கடைக்குப் போனார். பாய் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"தம்பி, இது டேஷ்போர்டுக்கு. துணியில ஒரு சொட்டு தொட்டுத் தேய்க்கணும், அப்பறம் காஞ்ச துணியால தொடச்சி எடுத்துடணும். சீட்டுல போட்றாத. போட்டா ஒக்காந்தவன் நிக்கமாட்டான்."

"அப்ப சீட்டுக்கு இன்னா பாய் போடறது?"

"என்ன கேட்டா, தல குளிக்கிற ஷாம்ப தண்ணியில கரச்சிப் போடு. நாலு ரூவா மருந்து வித்துட்டுப் போலாம்னுதான் பாக்கறேன், ஆனா கல்யாண சவாரின்னு சொல்ற."

லாரி ஓட்டியவர் இல்லையா, மாமா யார் சொன்னதையும் சும்மா நம்பமாட்டார். என் பையிலிருந்து சாக்பீஸை வாங்கி, பின்சீட்டு ரெக்சினில் ஆறு கட்டம் போட்டார். ஒரு கட்டத்துக்கு மண்ணெண்ணெய், ஒன்றுக்குச் சீயக்காய், ஒன்றுக்குத் துணி சோப்புத் தூள், ஒன்றுக்கு ஷாம்பு, ஒன்றுக்குப் பாய் கொடுத்த பாட்டில். ஆறாவது கட்டத்துக்கு என்ன என்று யோசித்தபோது நான் குறுக்கே விழுந்து தேங்காய் எண்ணெய் என்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அம்மா என் தலையில் தடவுவதில் முடி எப்படி மின்னும் என்பது எனக்குத் தெரியுமே. மாமா சிரித்துவிட்டு அதையும் தடவினார். மதிப்பெண் போடுகிற வேலை என்னுடையது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு பெயரையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் மண்ணெண்ணெய்க் கட்டத்தின் பக்கம் மூக்கைக் கொண்டுபோக முடியவில்லை. சோப்புத் தூள் வெள்ளை பூத்திருந்தது. சீயக்காய் தையலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஷாம்பு சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயோ, ஐயோ, என் முகமே தெரிந்தது! நூற்றுக்கு நூறு போட்டேன்.

"இரு மருமவனே, இன்னும் ரெண்டு நாளு போவட்டும்" என்றார் மாமா.

இரண்டு நாள் போயிற்று. எண்ணெய்க் கட்டத்தில் ரோட்டுப் புழுதியெல்லாம் படிந்து, நடுவில் இரண்டு எறும்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமா என் நோட்டை வாங்கி நூறில் இருந்த ஒன்றை அடித்துவிட்டார். ஷாம்பு ஜெயித்தது என்று அறிவித்தார். சோழர் காலத்திலேயே தேர்தலுக்கு விதி எழுதிக் கல்வெட்டில் வைத்த ஊர் எங்களுடையது. ஆனாலும் நான் நிறுத்திய ஆள் தோற்றதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமா காரைக் கழுவினார். ஷாம்புத் தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து சீட்டைத் துடைத்தார், காய்ந்த துணியால் ஒற்றினார், நாலு கதவையும் திறந்து வெயிலில் வைத்தார். டேஷ்போர்டுக்குப் பாய் சொன்ன மாதிரி ஒரே சொட்டு. அம்மா தணலில் சாம்பிராணி போட்டுக் கொண்டுவந்து காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கோழி, வெங்காயம் எல்லாம் புகையோடு வெளியே போயின. பிறகு மாமா முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

நான் போய்ப் பின்சீட்டைப் பார்த்தேன். சுத்தம்தான். ஆனால் தூங்கி எழுந்த முகம் மாதிரி மங்கலாக இருந்தது. கல்யாணப் பெண் உட்காருகிற சீட்டு இப்படியா இருப்பது? பாவம் மாமா, அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். புழுதி படிய இரண்டு நாள் ஆகும், பெண்ணோ இன்றைக்கே இறங்கிவிடுவாள் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். அம்மா சமையலறையில் இருந்தார். எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து, உள்ளங்கையில் ஊற்றி ஊற்றி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தடவினேன். பாதி பாட்டில் தீர்ந்தது. சீட்டு ஜொலித்தது.

மாமா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன்கதவில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாத்தியாடா, காஞ்சதும் இன்னா ஜோரா கீது! ஷாம்புன்னா ஷாம்புதான்!"

நான் எண்ணெய்க் கையை டிராயரில் துடைத்துக்கொண்டேன். ஒருவருக்கு ரகசியமாக உதவி செய்வதில் இருக்கிற சுகத்தை அன்றுதான் முதல்முதலாக அனுபவித்தேன்.

வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது. நான் முன்சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும், அதற்குள் பெண் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று ஒரு பெரியவர் வாட்ச்சைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தார். சடங்கெல்லாம் முடிந்து பெண்ணை வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். பெண்ணுக்குத் துணையாக வர இருந்தவர் அவருடைய சித்தப்பா மகள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருவதற்காக அந்த அக்கா முதலில் ஏறினார்.

அவர் நகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உட்கார்ந்ததுதான் தெரியும், வழுக்கிக்கொண்டே போய் எதிர்க் கதவில் டொம் என்று இடித்து நின்றார்.

"அக்கா ஏறாத! ஏறாத!" என்று மணப்பெண்ணைப் பார்த்துக் கத்தினார். பிறகு கீழே இறங்கி, கையைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அவர் கட்டியிருந்த பட்டுப்புடவையின் பின்பக்கம் முழுக்க ஒரே எண்ணெய்.

"இன்னாங்க இது, காரா, தோசக்கல்லா? இவ்ளோ எண்ணெ ஊத்தி வச்சிக்கிறீங்க! எங்க அம்மா கல்யாணப் பட்டுங்க இது!"

வாட்ச் பெரியவர், "மணி நாலு ஆவுது. வாலாஜாபாத்துக்கு ஆள் அனுப்பி வேற வண்டி கொண்டாந்தா ராகு காலத்துலதான் பொண்ணு போவும்" என்றார். மாமா பின்சீட்டைப் பார்த்தார். அவர் முகம் அந்தச் சீட்டுக்கு நேர்மாறாக மங்கிப்போனது. ஒரு வாரமாக அவர் பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும்.

"யாருங்க இந்த வேல பண்ணது?" என்று கேட்டார் அந்த அக்கா.

மாமா மெல்லத் திரும்பி என் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க" என்றார்.

அந்த அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்பக்கம் திரும்பி, "பெரிம்மா, பஜ்ஜிக்கு வச்சிக்கிற கடலமாவு பூரா எடுத்தா!" என்று குரல் கொடுத்தார்.

"பஜ்ஜிக்கு இன்னாடி பண்றது?"

"பஜ்ஜி அப்பால சுட்டுக்கலாம். இப்பிடியே போனா அக்கா வழியில கதவோட போயி ரோட்டுல வுயுந்துடும்!"

மணப்பெண் என்றால் அன்றைக்குத் தலை குனிந்து நிற்க வேண்டும். குனிந்துதான் நின்றார். ஆனால் தோள் இரண்டும் குலுங்கின.

முறத்தில் மாவு வந்தது. ஒரு கதவில் அந்த அக்கா, மறு கதவில் மாமா. சீட்டு முழுக்க மாவைத் தூவித் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

"ஷாம்பு போட்டா போவாதுங்களா?" என்றார் மாமா.

"தண்ணி பட்டா காயறதுக்குள்ள ராகு காலம் வந்துடும். தலைக்கு எண்ணெ வச்சிக்கினா மாவு போட்டு எடுக்கறதில்ல? அதே கததான். நல்லா அயுத்தித் தேயுங்க. மூலைய வுட்டுட்டீங்க பாருங்க. தையல்ல நிக்குது, தையல்ல!"

"சரிங்க... சரிங்க..."

லாரி ஷெட்டில் முதலாளிக்கே எதிர்ப்பேச்சுப் பேசியவர் மாமா. அன்றைக்கு இருபது நிமிஷத்தில் எத்தனை 'சரிங்க' சொன்னார் என்று எண்ண முடியவில்லை. எண்ணெயைக் குடித்த மாவு உருண்டு உருண்டு வந்தது. துண்டால் தட்டி, அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, பெண்ணை ஏற்றியபோது நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அந்த அக்கா வேறு புடவை கட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினார்.

மண்டபத்தில் பெண் சிரித்த முகத்தோடு இறங்கினார். மேனேஜர் தானே வந்து காருக்குள் தலையை விட்டு மூச்சிழுத்தார். "சாம்பிராணி கமகமன்னு கீதுடா. நடுவுல இன்னாடா பஜ்ஜி வாசன?" என்றார். ஆனால் ஐப்பசி வரைக்கும் கல்யாண சவாரிக்கு எங்கள் காரைத்தான் சொன்னார்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை. "புடவைய பாழாக்கினது நம்ம தப்பு. நாமதான் சரி பண்ணிக் குடுக்கணும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போய்ப் புடவையை வாங்கிக்கொண்டோம். காஞ்சிபுரத்தில் பட்டுக்குப் பாலிஷ் போடுகிற கடையில் கொடுத்தோம். அதற்கு அடுத்த வாரம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு தடவையும் என்னை விடாமல் கூட்டிக்கொண்டு போனார். தப்பு பண்ணியவன் நான்தானே, தண்டனை என்று எண்ணிக்கொண்டேன். போகும்போது ஒவ்வொரு தடவையும் காரை உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டுத்தான் எடுத்தார். சவாரிக்குக்கூட அப்படித் துடைத்ததில்லை.

புடவையைக் கொடுத்த அன்று அந்த அக்கா அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளி கறை இல்லை. மாமா, "என்னால உங்களுக்கு வீண் பேஜாரு" என்று பத்தாவது தடவையாகச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, எண்ணெ போட்டது மாமா இல்ல. நான்தான். மாமாவுக்குத் தெரியவே தெரியாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். "அப்பிடியா சேதி?" என்றார். மாமாவுக்கு அப்போதுதான் தென்னேரி ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகக் கிடைத்தது.

திரும்பி வரும்போது எனக்குப் பெரிய நிம்மதி. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, மாமாவின் மேல் இருந்த பழி போய்விட்டது, புடவையும் புதுசு மாதிரி ஆகிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கோலி ஆடப் போகலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஷாம்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை கொடியில் தொங்கியது.

"எங்க மாமா போறோம்?"

"தென்னேரிக்குத்தான். சீக்கிரம் குளி."

"அதான் கற போயிடுச்சே மாமா!"

"பாலிஷ் போட்ட கற சில நேரம் திரும்பி வரும்டா. ஒரு தபா பாத்துட்டு வந்துடலாம்."

எண்ணெயைப் பற்றி ஆறு கட்டம் போட்டுப் படித்தவன் நான். ஒருமுறை போன கறை திரும்பி வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாமா பெரிய ஆள்தான், ஆனால் கறை விஷயத்தில் மட்டும் அவருக்கு விவரம் போதாது என்று முடிவு செய்துகொண்டு, அவர் மனம் நோகக் கூடாதே என்பதற்காகப் பேசாமல் குளிக்கப் போனேன்.