ஐந்து குப்பத்து நாட்டார்

சோறு வேகும் மணத்தில்தான் அன்று கண் விழித்தேன். அதற்கு முன் எத்தனை நாள் நினைவில்லாமல் கிடந்தேனோ தெரியாது. வெகு காலமாக எங்கள் குடிசையில் உமரிக்கீரை வேகும் உப்பு நெடியைத் தவிர வேறு மணம் எழுந்ததில்லை. அம்மா கஞ்சியை ஆற்றி ஆற்றி என் வாயில் ஊற்றினாள். ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்து முடித்த பிறகே எனக்கு நினைவு வந்து, "அக்கா எங்கம்மா?" என்று கேட்டேன். "கோட்டைக்குப் போயிருக்கா," என்றாள். சொல்லிவிட்டுப் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கோட்டையும் பட்டணமும் அவர்கள் கையில் இருந்தன. ஏரிக்குள் மணல்மேடுகளில் இருந்த எங்கள் ஐந்து குப்பங்களும் அவர்களுக்கு மீனும் வரியும் கொடுத்தால் போதும்; மற்றதெல்லாம் எங்கள் பாடு, எங்கள் முறை. 'ஐந்து குப்பம்' என்றுதான் அந்த நாட்டுக்குப் பெயர். என் நைனாவின் அண்ணன், எனக்குப் பெரியநைனா, அதற்கு நாட்டாராக இருந்தார். எந்த நாளில் யார் ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைப்பது, சண்டை தீர்ப்பது, குடிநீர் ஊற்றைக் காப்பது எல்லாம் அவரும் குப்பத்துக்கு ஒரு பெரியவரும் கூடி உட்கார்ந்து செய்ததுதான். என் நைனா கடலில் மூழ்கிப் போனபோது, காரியம் முடிந்த அன்றே பெரியநைனா எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னார். ஆண் இல்லாத வீட்டுக்குப் பிடிக்கிற மீனில் ஒரு பங்கு உண்டு. அதைத் தம்பி மனைவி என்பதற்காக அவர் சொல்லவில்லை. எந்தக் கைம்பெண்ணுக்கும் அதுதான் சட்டம். பங்கு கொண்டு வருபவர் கூடையை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட வேண்டும். அதனால் அம்மா யாரிடமும் கை நீட்டாமலே எங்கள் இருவரையும் வளர்த்தாள்.

பிறகு மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை. முகத்துவாரம் மணல் மூடி, கடலும் ஏரிக்குள் வராமல் நின்றுவிட்டது. ஏரி சுருங்கி உப்புக் காய்ச்சியது போல ஆனது. மீன் முதலில் வயிறு வெளுத்து மிதந்தது. பிறகு மிதக்கவும் மீன் இல்லை. மேற்கே நெல் விளைத்தவர்கள்கூடக் கரைக்கு வந்து, சேற்றில் கைவிட்டு நண்டு துழாவினார்கள். எங்கள் வாசலுக்குக் கூடை வருவது நின்றது. கூடை கொண்டு வந்தவர்களின் வீட்டிலேயே அடுப்பு எரியாதபோது யாரை நோவது?

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்துத் தரகன் அரிசி மூட்டைகளோடு படகில் வந்தான். தன்னையோ தன் பிள்ளையையோ அடிமையாக எழுதிக் கொடுத்தால் அரிசி தருவான். ஆட்களைக் கோட்டை முற்றத்தில் சேர்த்து வைத்துக் கிழக்கே கப்பலேற்றுவார்கள். பெரியநைனா ஐந்து குப்பத்தையும் கூட்டினார். "நம்ம ஜனத்தை நாமளே வித்துட்டு, அப்புறம் யாருக்குப் பங்கு பிரிக்கறது?" என்று கேட்டார். ஆள் விற்பவருக்கு இனி ஐந்து குப்பத்தில் நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, வலை போட இடம் கிடையாது என்று முடிவானது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தீர்ப்பை மீறியவளாக முதலில் வந்து நின்றவள் என் அம்மா. கூட்டத்தில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கணவனின் அண்ணன் எதிரே நின்று அவள் அதுவரை பேசியதே இல்லை. அன்று உறவு சொல்லி அழைக்காமல், "நாட்டாரே," என்றாள். "பங்கு வரும்னீங்க. வந்துதா? சின்னதுக்கு மூச்சு நின்னுடும் போல இருந்துச்சு. பெரியவளே எழுந்து, நான் போறேம்மான்னா. நான் அவளை அனுப்பல. ஆனா, கையைப் புடிச்சு நிறுத்தவும் இல்ல."

பெரியநைனா எழுந்து போய்ப் படகைத் தள்ளினார். கோட்டை முற்றத்தில் நடந்ததைக் கூடப் போனவர் பின்னால் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பெண்ணை விட்டுவிட்டுத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி பெரியநைனா கேட்டாராம். காவலாள் அவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்துவிட்டு, "கெழவனை வச்சு இன்னா பண்றது?" என்று வெளியே தள்ளினானாம். திரும்பி வந்தவர் தம் இடத்தில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "சட்டம் சட்டந்தான். இவ போகணும். பங்கு தரேன்னு சொல்லிட்டுத் தராதவனும் போகணும்." அன்றே எங்களையும் பெரியம்மாவையும் படகில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் கரைக்கு வந்துவிட்டார்.

அக்காவைக் கப்பலேற்றிய நாளில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அலையில் ஏறி இறங்கிய படகுகளில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். யார் அக்கா என்று தெரியவில்லை. பெரியநைனா தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, "அம்மாடீ!" என்று கத்தினார். பல பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாட்டார் இல்லாததால் அதன் பிறகு கூட்டம் கூடவே இல்லை. தடுக்க ஆளில்லாமல் தரகன் படகு குப்பம் குப்பமாகப் போனது. மழை திரும்பியபோது இரண்டு குப்பங்களில் ஆளே இல்லை. மிஞ்சியவர்கள் பட்டணத்தை ஒட்டிக் குடிசை போட்டார்கள். வலை போடும் முறையைப் பட்டணத்துக் குத்தகைக்காரர் வைக்கத் தொடங்கினார். கைம்பெண் பங்கு அவர் கணக்கில் இல்லை. வரி கேட்பவர்கள் வாயிலிருந்தும் ஐந்து குப்பம் என்ற பெயர் போயிற்று. பெரியநைனா உப்பு மூட்டை சுமந்தார். பழைய பழக்கத்தில் யாராவது 'நாட்டாரே' என்றால், திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.

இப்போது எனக்கு ஏறக்குறைய அவருடைய அன்றைய வயது. ஏரியில் தண்ணீர் தளும்புகிறது, மீனும் இருக்கிறது. எங்கள் குப்பம் இருந்த இடத்தை இன்றைய பிள்ளைகள் வெறுமனே மேடு என்கிறார்கள்; படகைக் கட்டிவிட்டு வலை உலர்த்துகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பெரியநைனா இருந்த காலத்தில், எனக்குக் கல்யாணமான பிறகு, கிழக்குத் தீவுகளுக்குப் போய் வந்த மாலுமி ஒருவர் கரையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியநைனா மூட்டையோடு அந்தப் பக்கம் வந்தார். நான் அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். "அங்க சந்தையில நம்ம பக்கத்துப் பொம்பளை ஒருத்தி பழம் விக்கறா," என்றார் மாலுமி. "இந்தக் கரையிலேர்ந்து யாரு போனாலும் வுடமாட்டா. அஞ்சு குப்பத்து நாட்டார் நல்லாக்கீறாரா, எந் தங்கச்சி பொழச்சுதான்னு கேக்கறா. அப்படி ஒரு ஊரே கெடையாதும்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

பெரியநைனா மூட்டையை மெல்ல இறக்கி வைத்தார். "நீ திரும்ப எப்போ போவே?"

"நான் இனிமே போவலப்பா. கடல் போதும்."

அதன் பிறகு கிழக்கே கப்பல் கிளம்பும் போதெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போவார். ஏறப்போகும் மாலுமிகளின் முன் என்னை நிறுத்துவார். "நல்லாப் பாத்துக்கோ. பழம் விக்கற பொண்ணு கேட்டா, தங்கச்சி பொழச்சுக்கிச்சுன்னு சொல்லு." சிலர் சிரித்தார்கள். சிலர் சரி என்றார்கள். ஒருவர் மட்டும், "யார் சொன்னதுன்னு சொல்றது?" என்று கேட்டார்.

பெரியநைனா வளைந்த முதுகை நிமிர்த்தினார்.

"அஞ்சு குப்பத்து நாட்டார் சொன்னார்னு சொல்லு."

கிழக்கிலிருந்து பதில் எதுவும் வரவில்லை. அவர் இறந்த பிறகும் சில வருஷம், கப்பல் கிளம்புகிற நாளில் நான் போய் நின்றுகொண்டிருந்தேன்.