இரண்டு நோயும் ஒரு தர்ஷினியும்

குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை என்பது பாதி நேரம் ஊசி போடுவது, மீதி நேரம் ஊசி போடமாட்டேன் என்று நம்பவைப்பது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு இது புரியும்.

சாம்பிள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பெங்களூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஈஜிபுராவிலிருந்து தர்ஷினி வந்தாள். ஐந்து வயது. ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு, கூடவே காய்ச்சல். குழாய் விட்டுப் பார்த்ததில் குடல் முழுக்கப் புண். தினமும் காலையில் சாம்பிள் டப்பாவோடு போய், "வெளிக்கி வருதாம்மா?" என்று கேட்பேன். ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னாள்:

"எப்பப் பாரு இதையே கேக்கறீங்க. நீங்க வேற எதுவுமே படிக்கலையா, சிஸ்டர்?"

மெக்கானிக்

மருந்தில் குடல் தேறியது, எடையும் ஏறியது. காய்ச்சல் மட்டும் விடவில்லை. சில வாரத்துக்கு ஒருமுறை அனலாகக் கொதித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். இரண்டு மூன்று நாளில் அதுவாகவே போய்விடும். "நான் மருந்து சரியாக் குடுக்கலையோ?" என்று அவள் அம்மா செல்வி என்னிடம் அழுவாள். ஒருமுறை பதறியடித்துத் தூக்கிவந்தார்கள். டாக்டர் வருவதற்குள் பிள்ளை கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தது. வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வேன் ஓட்டும் அப்பா முருகன் தலையைச் சொறிந்தார்.

"என் வண்டியும் இப்படித்தான், சிஸ்டர். மெக்கானிக்கிட்ட போனா மட்டும் சத்தமே வராது."

அத்தை

குடல்நோய் அடங்கியும் காய்ச்சல் ஏன் என்று டாக்டரம்மாவுக்கும் உறுத்தல். குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். முருகன் இல்லை என்றார். பார்க்க வந்திருந்த அவருடைய அக்காதான் குறுக்கே புகுந்தார்: "ஏன்டா, சின்ன வயசுல நீயும் இப்படித்தானே சுருண்டு கிடப்பே? ஸ்கூலுக்குப் போகாம நடிக்கறேன்னு அப்பா அடிப்பாரே."

ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்ததும் டாக்டரம்மா தன் கன்னடத் தமிழில் விளக்கினார். "ரெண்டு வியாதிம்மா. ஒண்ணு குடல்ல. இன்னொண்ணு பரம்பரையா வர்ற காய்ச்சல். அதுக்குத் தினம் ஒரு மாத்திரை. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?" செல்வி தலையாட்டினாள். முருகன் கேட்டார்:

"அப்ப நான் நடிக்கலையா, டாக்டர்?"

லீவு

மாத்திரை வேலை செய்தது. அடுத்த மாதம் காய்ச்சல் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. செல்வி மட்டும் பழக்கதோஷத்தில் மகள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். பரிசோதனைக்கு ஸ்கூல் யூனிஃபார்மோடு வந்த தர்ஷினி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன கோபம் என்று கேட்டேன்.

"நீங்க குடுத்த மாத்திரையாலதான் எனக்கு லீவே கிடைக்கல."

நான் வேலையில் வாங்கிய திட்டுகளில், வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னது இது ஒன்றைத்தான்.